ஃப்ளெக்ஸில் என்ன போடுவது?

வணக்கம் ஐயா,

போன மாதம் வாடகை வீடுகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். அதில் இரண்டு வரிகள் மனதில் தங்கிவிட்டன. ஒன்று, 'வீட்டுத் தரகர் என்பவர் ஒரு மாத வாடகையைக் கமிஷனாக வாங்கிக்கொண்டு, அதன்பிறகு போனை எடுக்காதவர்'. இன்னொன்று, நாலு பத்தி தள்ளிப் போகிற போக்கில் சொன்னது: 'நியூயார்க்கில் ஹார்லெமைக் கறுப்பர்களின் ஊராக ஆக்கியதும் ஒரு தரகர்தான்'. முதல் வரிக்கு என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. மதுரையில் 26 வருடமாக எனக்கு அதுதான் தொழில். வாடகை, ஒத்தி, எப்போதாவது ஒரு மனை. போனையும் எடுக்கிறேன்.

எழுத வந்தது அதற்காக இல்லை. எனக்குத் தொழில் பழக்கிவிட்ட அண்ணன் போன மார்கழியில் தவறிப்போனார். சிம்மக்கல் பக்கம் ஒரு டீக்கடை பெஞ்சுதான் நாற்பது வருடமாக அவருக்கு ஆபீஸ். சாவிகளை ஒரு கயிற்றில் கோத்து, எது எந்த வீட்டுச் சாவி என்று தெரிய ஒவ்வொன்றிலும் ஒரு கலர் நூல் சுற்றி வைத்திருப்பார். வீட்டை விட்டு ஓடிவந்து கல்யாணம் செய்துகொண்ட ஜோடிகள், தியேட்டரில் டிக்கெட் கிழிக்கிற பையன்கள், புருஷன் இல்லாமல் பிள்ளையோடு நிற்கிற பெண்கள், பெயரைச் சொன்னதுமே 'வீடு முடிஞ்சிருச்சு' என்று பதில் கேட்டவர்கள், எல்லோரும் அலைந்து ஓய்ந்து கடைசியில் அந்த பெஞ்சுக்குத்தான் வருவார்கள். கமிஷனில் ஒரு ரூபாய் குறைக்க மாட்டார். மூன்று தவணையாக வாங்கிக்கொள்வார்.

சாவுக்கு வந்த கூட்டத்தைப் பார்த்து அவர் பையன்களே ஆடிப்போனார்கள். கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் அடிக்கும்போது பெயருக்குக் கீழே என்ன போடுவது என்று பேச்சு வந்தது. 'வீட்டுத் தரகர்' என்று போடச் சொன்னேன். பெரியவன் முகத்தைச் சுளித்தான். 'ரியல் எஸ்டேட்' என்று போட்டால் ஊர் நிலத்தை மடக்கிய ஆள் மாதிரி இருக்கும் என்றான் சின்னவன். கடைசியில் 'சமூக சேவகர்' என்று அடித்துவிட்டார்கள். அண்ணன் பார்த்திருந்தால் 'யாருடா அது?' என்று கேட்டிருப்பார்.

அவருடைய நோட்டுகள் பதினொன்று இப்போது என்னிடம் இருக்கின்றன. வீட்டுக்கு இரண்டு வரி. 'மாடி, 2 ரூம், போர் தண்ணி, ஓனர் தங்கம், ஓனரம்மா கேள்வி கேட்பார்' என்கிற மாதிரி. வைத்துக்கொள்வதா, பழைய பேப்பருக்குப் போடுவதா தெரியவில்லை.

அந்த ஹார்லெம் தரகர் யார்? நல்லவரா? அவரைத் தரகர் என்றே சொல்கிறார்களா, இல்லை அங்கேயும் சமூக சேவகர்தானா? விவரமாக எழுதுங்கள். என் பெயர் வேண்டாம். தொழில் நடக்க வேண்டும்.

மதுரையிலிருந்து ஒரு தரகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

முதல் வரிக்கு மன்னிப்பு. அது ஒரு குறிப்பிட்ட ஆளை மனதில் வைத்து எழுதியது. ஒருவர் மேல் இருந்த கோபத்துக்கு ஒரு தொழிலையே அடித்தது தப்புதான்.

இரண்டாவது வரியின் ஆள் பெயர் ஃபிலிப் பெய்ட்டன். 1876இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வெஸ்ட்ஃபீல்ட் என்ற சின்ன ஊரில் பிறந்தார். அப்பா முடிதிருத்துகிறவர். மகனும் அந்த வேலையைக் கற்றுக்கொண்டார். 23 வயதில், 1899இல், நியூயார்க்குக்கு வந்தார். காசு போட்டு எடை பார்க்கும் மெஷின் பக்கத்தில் நிற்கிற வேலை, மறுபடி முடிவெட்டுகிற வேலை, அப்புறம் ஒரு ரியல் எஸ்டேட் ஆபீஸில் கூட்டிப் பெருக்கி எடுபிடியாக இருக்கிற வேலை. வாரம் 8 டாலர் சம்பளம். அங்கே துடைப்பத்தோடு நிற்கும்போதுதான் இந்தத் தொழில் அவர் கண்ணில் பட்டது. உங்கள் அண்ணனும் அப்படி எங்கேயோ நின்று பார்த்துத்தான் பழகியிருப்பார். தரகு வேலைக்கு அன்றைக்குப் பள்ளிக்கூடம் கிடையாது.

1900இல் இன்னொருவரோடு கூட்டுச் சேர்ந்து சொந்தமாக ஆபீஸ் போட்டார். தொழில் நகரவில்லை. கூட்டாளி கழன்றுகொண்டார். மனைவி மேகி துணி தைத்துக் குடும்பத்தை ஓட்டினார். வாடகை பாக்கி ஏறி, குடியிருந்த வீட்டிலிருந்து இவர்களையே வெளியேற்றினார்கள். நண்பர்கள் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்களாம்: நியூயார்க்கில் ஒரு கறுப்பன் இந்தத் தொழிலில் பிழைக்க முடியாது, விட்டுவிடு.

அன்றைய ஊர் நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் அவர் செய்தது என்ன என்று பிடிபடும். நியூயார்க்கின் கறுப்பர்கள் அப்போது பெரும்பாலும் மன்ஹாட்டனின் மேற்குப் பக்கம் டெண்டர்லாயின், சான் ஹுவான் ஹில் என்ற பகுதிகளில் நெருக்கியடித்துக் கிடந்தார்கள். 1900 ஆகஸ்டில் டெண்டர்லாயினில் கலவரம் வெடித்தது. ஒரு கறுப்பரோடு நடந்த கைகலப்பில் குத்துப்பட்ட போலீஸ்காரர் இறந்துபோக, தெருவில் கண்ணில் பட்ட கறுப்பர்களையெல்லாம் கும்பல் அடித்தது. தடுக்க வேண்டிய போலீஸும் சேர்ந்துகொண்டு அடித்தது. அடுத்த சில வருடங்களில் பென்சில்வேனியா ஸ்டேஷன் கட்டுவதற்காக அதே பகுதியில் வரிசை வரிசையாக வீடுகளை இடித்தார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் அடி என்பது போல, இருக்கவும் முடியாது, போகவும் இடமில்லை. கையில் காசு இருக்கிற கறுப்பருக்கும் வேறு பகுதியில் வீடு தர ஆள் கிடையாது.

வடக்கே ஹார்லெமில் நிலைமை நேர்மாறு. சுரங்க ரயில் வரப்போகிறது என்று தெரிந்ததும் ஆளாளுக்கு நிலத்தை வாங்கிப் போட்டு, அடுக்கு அடுக்காகக் கட்டித் தள்ளினார்கள். நாலு வழிச் சாலை வரப்போகிறது என்று ஒரு வதந்தி கிளம்பினால் ஊருக்கு வெளியே என்னவெல்லாம் நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 1904இல் லெனாக்ஸ் அவென்யூவுக்கு ரயிலும் வந்துவிட்டது. கட்டிய வீடுகளுக்குத்தான் ஆள் வரவில்லை. மாடி மாடியாகப் பூட்டிக் கிடக்க, வாங்கிய கடனுக்கு வட்டி ஓடியது.

ஒரு பக்கம் வீடில்லாத சனம், மறுபக்கம் சனமில்லாத வீடு. இப்படி ஒரு மார்க்கெட் எந்தத் தரகருக்கு வாய்க்கும்? ஆனாலும் கறுப்பர் குடியிருக்கும் வீடுகளைப் பார்த்துக்கொள்வதே தன் சிறப்பு என்று சொல்லிக்கொண்டு கிட்டத்தட்ட ஒரு வருடம் உட்கார்ந்திருந்த பெய்ட்டனுக்கு, பார்த்துக்கொள்ள ஒரு வீடுகூடக் கிடைக்கவில்லை.

முதல் வீடு கிடைத்த கதையை அவரே சொல்லியிருக்கிறார். ஹார்லெமில் மேற்கு 134ஆவது தெருவில் இரண்டு வீட்டுக்காரர்களுக்குள் தகராறு. என்ன தகராறு என்று அவர் சொல்லவில்லை. சாக்கடையோ சுவரோ, வீட்டுக்காரர்கள் சண்டை போட உலகம் முழுக்க நாலைந்து காரணம்தான் இருக்கும். ஒருவர் மற்றவரைப் பழிவாங்க நினைத்தார். அதற்கு அவர் கண்டுபிடித்த வழி, தன் வீட்டைப் பெய்ட்டனிடம் கொடுத்துக் கறுப்பர்களைக் குடிவைக்கச் சொன்னது. ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். இங்கே ஒரு தெரு ரெண்டுபட்டதில் பெய்ட்டனுக்கு முதல் சாவி கிடைத்தது.

இந்த இடத்தைத் தாண்டிப்போக எனக்கு எப்போதுமே கொஞ்ச நேரம் ஆகும். அந்த வீட்டுக்காரர் கறுப்பர்களை மதித்தா வீடு கொடுத்தார்? எதிராளியின் வாசலில் குப்பையைக் கொட்டுகிற நினைப்பில் கொடுத்தார். குப்பை என்று அவர் நினைத்தது யாரை என்று பெய்ட்டனுக்குத் தெரியாமல் இருக்குமா? தெரிந்தேதான் சாவியை வாங்கிக்கொண்டார். வீட்டை நிரப்பினார், வாடகையை நாள் தவறாமல் வசூலித்துக் கொடுத்தார். வாடகை ஒழுங்காக வருவதைப் பார்த்து இன்னொரு வீட்டுக்காரர் வந்தார், அப்புறம் இன்னொருவர். இவர்களுக்கும் மனம் மாறிவிடவில்லை. காலி வீடு கையைக் கடித்தது, அவ்வளவுதான். நானாக இருந்தால் ரோஷப்பட்டு அந்த முதல் சாவியை அவர் மூஞ்சியில் விட்டெறிந்திருப்பேன். வெளியே வந்து அதைப் பற்றி ஒரு கட்டுரையும் எழுதியிருப்பேன். அந்தக் கட்டுரைக்குள் யாராலும் குடியிருந்திருக்க முடியாது.

1904 ஜூனில் ஆஃப்ரோ-அமெரிக்கன் ரியால்டி கம்பெனியைப் பதிவு செய்தார்கள். 5 லட்சம் டாலர் வரை மூலதனம் திரட்ட அனுமதி, 10 டாலர் வீதம் 50,000 பங்குகள். 10 டாலர் என்பதால் வீட்டுவேலை செய்கிறவரும் சேர்த்து வைத்து ஒரு பங்காவது வாங்கலாம். கூட இருந்தவர்களில் ஈமக்காரியம் நடத்தும் தொழிலில் பணம் சேர்த்த ஜேம்ஸ் தாமஸ் ஒருவர். அன்றைக்குக் கறுப்பர்களின் பெரிய தலைவராக இருந்த புக்கர் டி. வாஷிங்டனின் வட்டத்து ஆட்களும் இருந்தார்கள். வேலை செய்த விதம் உங்களுக்குச் சுலபமாகப் புரியும். வெள்ளைக்கார வீட்டுக்காரரிடம் கட்டடத்தை மொத்தமாக ஐந்து வருடக் குத்தகைக்கு எடுப்பது, உள்ளே இருக்கும் வீடுகளைக் கறுப்பர்களுக்குத் தனித்தனியாக வாடகைக்கு விடுவது. வீட்டுக்காரருக்கு மாதாமாதம் பணம் வந்துவிடும். காலி வீடு, பாக்கி, சண்டை எல்லாம் கம்பெனியின் தலையில்.

பங்கு விற்க அவர்கள் அச்சடித்த அறிக்கையில் ஒரு வாதம் வருகிறது. நிறத் துவேஷம் என்பது ஒரு ஆடம்பரம். மற்ற எல்லா ஆடம்பரத்தையும் போல நியூயார்க்கில் அதற்கும் பெரிய விலை வைக்க முடியும். இதுவரை நமக்கு எதிராக வேலை செய்த அதே துவேஷத்தை நமக்கு லாபமாகத் திருப்பிவிடலாம். இதைப் படித்தபோது எனக்குப் புல்லரித்தது. எத்தனையோ பேர் இனவெறியைப் பாவம் என்றார்கள், நோய் என்றார்கள், அறியாமை என்றார்கள். இந்த ஆள் அதற்கு ரேட் போடுகிறார். தரகரின் மூளைக்குத்தான் இது வரும்.

ரேட் போட்டுக் காட்டவும் செய்தார். மேற்கு 135ஆவது தெருவில் கறுப்பர்கள் குடியிருந்த வீடுகள் சிலவற்றை ஹட்சன் ரியால்டி என்ற கம்பெனி வாங்கி, அவர்களைக் காலி செய்யச் சொன்னது. வெள்ளையர்களுக்கு விட்டால் மதிப்பு ஏறும் என்ற கணக்கு. பெய்ட்டன் மனு எழுதவில்லை, ஊர்வலம் போகவில்லை. அந்த வீடுகளுக்குப் பக்கத்தில் இருந்த இரண்டு கட்டடங்களை வாங்கினார். அதில் வெள்ளையர்கள் இருந்தார்கள். அவர்களைக் காலி செய்யச் சொல்லிவிட்டு, ஹட்சன் துரத்திய கறுப்பர்களைக் கொண்டுவந்து குடிவைத்தார். இப்போது ஹட்சனின் வீடுகளுக்கு எந்த வெள்ளைக்காரர் வருவார்? கடைசியில் அந்த வீடுகளையே பெய்ட்டனின் கம்பெனிக்கு விற்றுவிட்டுப் போனார்கள். செய்தி பரவியது. அதுவரை ஊருக்குத் தெரியாத ஒரு சின்னக் கம்பெனியின் பெயர் பத்திரிகைகளில் அடிபட்டது.

சரி, நல்லவரா என்று கேட்டீர்கள்.

மேலே சொன்ன கதையில் ஒரு வரியை வேகமாகச் சொல்லிவிட்டேன், கவனித்தீர்களா? 'அவர்களைக் காலி செய்யச் சொல்லிவிட்டு'. அந்த இரண்டு கட்டடங்களில் இருந்தவர்களும் நம்மைப் போல வாடகைக் குடித்தனக்காரர்கள்தான். ஹட்சன் கம்பெனியின் கணக்குக்கு அவர்கள் பொறுப்பில்லை. அடுப்பையும் கட்டிலையும் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கிய ஏதோ ஒரு அம்மாவுக்குப் பெய்ட்டனை நல்லவர் என்று சொல்ல எந்தக் காரணமும் இருந்திருக்காது. வேறு வழி இருந்ததா என்று கேட்டால் எனக்கும் தெரியவில்லை.

அடுத்தது வாடகை. கறுப்பர்களிடம் வழக்கமான வாடகையைவிடச் சுமார் 10 சதவீதம் கூடுதலாக வாங்கினார்கள். வேறு எங்கும் போக முடியாதவரிடம் கூடுதலாக வாங்குவது எந்த ஊரிலும் உள்ளதுதான், பெய்ட்டனின் கம்பெனி அந்தக் கூடுதலில்தான் நின்றது. தன் மக்களுக்கு வாசலைத் திறந்தவரும் அவர்தான், அந்த வாசலில் உண்டியல் வைத்தவரும் அவர்தான். பின்னால் 1920களில் ஹார்லெமில் வாடகை கட்ட முடியாமல், வீட்டில் பாட்டும் ஆட்டமும் வைத்து, வருகிறவர்களிடம் காசு வாங்கி மாத வாடகையைத் தேற்றுகிற வழக்கமே உண்டானது. அதற்கு அவர் ஒருவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் விதையில் அவர் கையும் இருக்கிறது.

மூன்றாவது, பங்குதாரர்கள். 1906இல் சிலர் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். அறிக்கையில் சொன்னது ஒன்று, கணக்கில் இருந்தது ஒன்று. தலைக்கு மேல் அடமானத்தில் இருந்த சொத்துகளைப் பற்றிப் பெரிதாகப் பேசியிருந்தார்கள். தீர்ப்பு கம்பெனிக்கு எதிராகப் போனது. பெய்ட்டன் தனிப்பட்ட முறையில் தண்டனை பெறவில்லை. பங்குக்கு லாபம் என்று அவர்கள் கொடுத்தது ஒரே ஒரு தடவை, 1907இல். அதே வருடம் அமெரிக்காவில் பணமுடை வந்து வங்கிகளே ஆட்டம் கண்டன. 1908இல் கம்பெனி மூழ்கியது. 10 டாலர் போட்ட வீட்டுவேலைக்காரர் திரும்ப வந்து கேட்டபோது என்ன பதில் சொல்லியிருப்பார்? நம் ஊர்ச் சீட்டுக் கம்பெனி வாசல்களில் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் இதை லேசாகச் சொல்லிக் கடக்க மனம் வரவில்லை.

ஆகவே என் பதில்: அவர் நல்ல தரகர். நல்லவர் என்பதை மேகிதான் சொல்ல வேண்டும்.

கம்பெனி போனாலும் போன சனம் திரும்பவில்லை, அதுதான் விஷயம். அவரிடம் வேலை பார்த்த ஜான் நெய்ல், ஹென்றி பார்க்கர் இருவரும் 1907இல் தனியாகத் தொழில் தொடங்கினார்கள். 1911இல் செயின்ட் ஃபிலிப்ஸ் என்ற கறுப்பர்களின் தேவாலயம், இவர்கள் மூலமாக 135ஆவது தெருவில் பத்துக் கட்டடங்களை 6,40,000 டாலருக்கு வாங்கியது. அதுவரை வெள்ளையர் மட்டும் இருந்த கட்டடங்கள். எடுபிடியாகத் தொடங்கியவரிடம் தொழில் படித்த பையன்கள் சர்ச்சுக்கே கட்டடம் முடித்துக்கொடுக்கிற அளவுக்கு வந்துவிட்டார்கள். எதிர்ப்பும் சும்மா இல்லை. வெள்ளைக்கார வீட்டுக்காரர்கள் சங்கம் வைத்தார்கள், கறுப்பருக்கு விற்பதில்லை என்று பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டார்கள். 136ஆவது தெருவை ஒட்டி 24 அடி உயரத்துக்கு வேலி போடலாம் என்றுகூட ஒருவர் யோசனை சொன்னார். 2008 மே மாதம் ஒரு பகுதி இடிக்கப்படும் வரை தலித் மக்களைப் பிரித்து உத்தபுரத்தில் நின்ற சுவர் உங்கள் மதுரை மாவட்டத்தில்தான் இருந்தது. ஆகவே வேலியை நாம் பெரிதாக விளக்கிக்கொள்ளத் தேவையில்லை. ஹார்லெம் வேலி எழும்பவில்லை. சங்கத்தில் கையெழுத்துப் போட்டவர்களே, காலி வீட்டைத் தாங்க முடியாமல் ஒவ்வொருவராக விற்றார்கள். ஆடம்பரத்துக்கு விலை வைக்கலாம் என்று பெய்ட்டன் போட்ட கணக்கு, அவர் கம்பெனி இல்லாமலேயே வேலை செய்தது.

அவரும் ஓய்ந்துவிடவில்லை. தன் பெயரில் மறுபடி கடை திறந்தார். 1917 ஜூலையில், அவர் வாழ்க்கையிலேயே பெரிய பேரம்: மேற்கு 141, 142ஆவது தெருக்களில் ஆறு அடுக்குமாடிக் கட்டடங்கள், ஏறக்குறைய 15 லட்சம் டாலர். ஆறுக்கும் பெயர் வைத்தார்கள். 1770இல் பாஸ்டனில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் குண்டுக்கு இரையான கிறிஸ்பஸ் அட்டக்ஸ், ஹெய்ட்டியில் அடிமைகளின் போரை நடத்திய தூசான் லூவெர்ச்சூர், அடிமையாக விற்கப்பட்டுக் கவிஞரான ஃபிலிஸ் வீட்லி, அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்து நாட்டையே பேச்சால் உலுக்கிய ஃப்ரெடரிக் டக்ளஸ், கவிஞர் பால் லாரன்ஸ் டன்பார், புக்கர் டி. வாஷிங்டன். நம் ஊரில் கட்டடத்துக்குப் பெயர் என்றால் அம்மா பெயர், குலதெய்வம், இல்லாவிட்டால் கிரீன், பேலஸ், என்கிளேவ். வேலை முடிந்து வீடு திரும்புகிற ஒரு கறுப்பினப் பெண், அடிமைச் சந்தையில் விற்கப்பட்ட ஒரு கவிஞரின் பெயர் கொண்ட வாசலுக்குள் நுழைகிறாள், அது தன் முகவரி என்று தபாலில் எழுதுகிறாள். இதற்குக் கமிஷன் ஏதும் கிடைத்திருக்காது. பெய்ட்டன் பத்துத் தடவை வாடகையை ஏற்றியிருந்தாலும் இதற்காக அவர் மேல் எனக்கு ஒரு பிரியம் உண்டு.

அடுத்த மாதம், ஆகஸ்டில், அவர் இறந்துபோனார். கல்லீரலில் புற்றுநோய். 41 வயது.

அவரைத் தரகர் என்றுதான் சொல்கிறார்களா என்று கேட்டீர்கள். ஆமாம். வரலாற்றுப் புத்தகங்களில் 'ஹார்லெமின் தந்தை' என்ற பட்டம் ஒரு பக்கம் இருக்கும். தொழிலைக் குறிப்பிடும் இடத்தில் ரியல் எஸ்டேட் என்றுதான் இருக்கும். அதை யாரும் மறைக்கவில்லை, மறைத்தால் சொல்வதற்கே கதை இருக்காது.

இனி என் கதை கொஞ்சம். எனக்கும் ஒரு தரகர் இருந்தார்.

1993இல் சென்னையில் எனக்குக் கல்யாணம் ஆகி நாலு மாதம். இரு வீட்டிலும் சேர்த்துக்கொள்ளவில்லை. திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனில் நானும், மயிலாப்பூரில் ஒரு பெண்கள் விடுதியில் அவளும் இருந்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் கடற்கரையில் சந்தித்துக்கொள்கிற புருஷன் பெண்டாட்டி. ஏழெட்டு வீடு பார்த்தாயிற்று. எல்லா வீட்டிலும் தண்ணீர் வசதியெல்லாம் சொல்லி முடித்த பிறகு, குரலைக் கொஞ்சம் இறக்கி அந்தக் கேள்வி வரும். 'நீங்க என்ன ஆளுங்க?' நான் ஒன்றைச் சொல்ல, அவள் இன்னொன்றைச் சொல்ல, சாயங்காலமே வீடு வேறு பார்ட்டிக்கு முடிந்துவிட்டதாகத் தகவல் வரும்.

மேன்ஷன் வாசலில் பெட்டிக்கடை வைத்திருந்தவர் ஒரு தரகரைக் காட்டிவிட்டார். ஐம்பது வயது இருக்கும், கதர்ச் சட்டை, கக்கத்தில் ரெக்ஸின் பை. எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்: 'சார் எங்க வேலை?' பேங்க் என்றேன். ஐஸ் ஹவுஸ் பக்கம் ஒரு வீட்டுக்குக் கூட்டிப்போனார். படியேறும்போது திரும்பிச் சொன்னார்: 'ஓனர் என்ன கேட்டாலும் நான் பதில் சொல்றேன். நீங்க தண்ணி எத்தனை மணிக்கு வரும்னு மட்டும் கேளுங்க.' தண்ணீரைப் பற்றிக் கேட்டேன். ஓனர் அதற்குப் பதில் சொல்லிவிட்டு, வழக்கம் போலக் குரலை இறக்கி, நீங்க என்ன ஆளுங்க என்றார். தரகர் ரெக்ஸின் பையை மாற்றிப் பிடித்துக்கொண்டு, 'பேங்க் ஆளுங்க சார், ஒண்ணாந்தேதி சம்பளம்' என்றார். சொன்ன வேகத்தில் அட்வான்ஸ் எத்தனை மாதம் என்று கேட்டுவிட்டார். ஓனருக்கு மறுபடி அந்தக் கேள்விக்குத் திரும்பிப் போக வழி தெரியவில்லை. அந்த வீட்டில் ஆறு வருடம் இருந்தோம். மகள் அங்கேதான் பிறந்தாள்.

கமிஷன் 900 ரூபாய், ஒரு மாத வாடகை. குறைக்கச் சொல்லிக் கேட்டேன். 'அது மட்டும் கேக்காதீங்க சார்' என்றார். உங்கள் அண்ணனைப் பற்றிப் படித்ததும் அந்தக் குரல்தான் காதில் விழுந்தது. இரண்டு வருடம் கழித்து அவர் பேங்குக்குப் போன் செய்தார். பெண்ணுக்குக் கல்யாணமாம், லோன் விஷயமாக ஏதோ கேட்க வேண்டுமாம். ஆடிட் நடந்துகொண்டிருந்தது, நான் சீட்டில் இல்லை என்று சொல்லச் சொன்னேன். மறுநாளும் கூப்பிட்டார். மறுநாளும் நான் சீட்டில் இல்லை. போனை எடுக்காதவர் என்று போன மாதம் எழுதியபோது இது எனக்கு ஞாபகம் வரவில்லை, உங்கள் கடிதத்தைப் படித்த பிறகுதான் வந்தது.

நோட்டுகளைப் பழைய பேப்பருக்குப் போடாதீர்கள். பெய்ட்டனைப் பற்றி இன்றைக்கு நமக்குத் தெரிவதில் பெரும்பகுதி அவரே சொன்ன கதை, கோர்ட்டு வழக்கு, பத்திரிகை விளம்பரம், பங்கு விற்ற அறிக்கை, சில கடிதங்கள், இவற்றைக் கிளறி எடுத்ததுதான். 'ஓனரம்மா கேள்வி கேட்பார்' என்ற மாதிரி ஒரு வரி அவர் கைப்பட எழுதியது கிடைத்தால் ஹார்லெமைப் பற்றி ஆராய்கிறவர்கள் தலையில் வைத்துக் கொண்டாடுவார்கள். மதுரையில் நாற்பது வருடம் யார் யாருக்கு வீடு கிடைத்தது, எந்தத் தெருவில் கிடைக்கவில்லை என்பதெல்லாம் அந்தப் பதினொரு நோட்டில் இருக்கும். உங்களுக்குத் தெரிந்ததை ஒவ்வொரு பக்கத்து ஓரத்திலும் வேறு நிற மையில் எழுதி வையுங்கள்: என்ன வருடம், யார் வந்தார்கள், எவ்வளவு நாள் இருந்தார்கள். அண்ணனின் சுருக்கெழுத்து உங்களுக்குப் புரியும், உங்களுக்கு அடுத்து வருகிறவருக்குப் புரியாது. உயிரோடு இருக்கிறவர்கள் பெயர் வருமென்பதால் யாருக்கும் படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்பாதீர்கள். எழுதி முடித்ததும் சொல்லுங்கள், சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பேசிப் பார்க்கலாம். கோட்டையூரில் தனி ஒருவர் சேர்த்துவைத்ததிலிருந்து உண்டான நூலகம் அது, அதனால் கையெழுத்து நோட்டைக் கண்டு முகம் சுளிக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

வருகிற மார்கழியில் முதல் வருட நினைவு வரும், பையன்கள் மறுபடி ஃப்ளெக்ஸ் அடிப்பார்கள். மறுபடியும் சொல்லிப் பாருங்கள். கேட்கவில்லையென்றால் விட்டுவிடுங்கள், அப்பாவைப் பற்றிப் பிள்ளைகளுக்கு ஒரு கூச்சம் இருக்கத்தான் செய்யும். நீங்கள் தனியாகச் சின்னதாக ஒன்று அடித்து அந்த டீக்கடையில் வைக்கலாம். பெயர், பிறந்த வருடம், மறைந்த வருடம், 'வீட்டுத் தரகர், சிம்மக்கல்'. செலவில் பாதி என்னுடையது.

கமிஷன், தவணை, நோட்டு, ஃப்ளெக்ஸ் எல்லாவற்றையும் எழுதினீர்கள். நூல் சுற்றிய அந்தச் சாவிக்கொத்து இப்போது யாரிடம் இருக்கிறது?